ஐப்பசியில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

தையல் டீச்சர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். தாகத்துக்காக அல்ல. ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கெணத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா? சித்திரையில எப்படி இருக்கும்?" என்று விசாரிப்பார். வீட்டுக்காரர்கள் வெள்ளந்தியாகப் பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், அந்தத் தெருவில் மனை வாங்கலாமா கூடாதா என்பது டீச்சருக்குத் தீர்மானமாகியிருக்கும்.

திண்டுக்கல்லில் வாழ்ந்தவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றாது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிய பக்கங்களில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. மற்ற பக்கங்களில் தண்ணீரே இருக்காது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காக ஆபீசுக்கு லீவு போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் தண்ணீர் டீச்சருடைய முதல் சோதனை மட்டும்தான். அதில் தேறினால் வில்லங்கச் சான்றிதழ் வரும், மூலப்பத்திரம் வரும், பக்கத்து மனைக்காரர் எப்படிப்பட்டவர் என்ற விசாரணை வரும். பாதையின் அகலத்தைக் கைப்பையில் இருக்கும் தையல் டேப்பை வைத்தே அளப்பார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆடு மேய்க்கிற பெண்களிடம் உட்கார்ந்து பேசுவார். எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் புரோக்கரிடம் ஒன்று சொல்வார்.

"இடம் நல்லாத்தேன் இருக்கு. ஐப்பசியில வந்து ஒருதடவ பாத்துட்டுச் சொல்றேன்."

மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் அவர் எந்த இடத்துக்கும் சம்மதம் சொன்னதில்லை. ஐப்பசிக்குள் அந்த இடம் யாருக்காவது விற்றுப்போயிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அவர் அங்கே பல வருடங்களாகத் தையல் டீச்சர். நாற்பதைத் தாண்டியிருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. நானும் வாடகை வீடு, அவரும் வாடகை வீடு. அந்த ஒரு பொருத்தத்தில்தான் எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் காலைப் பூசை முடித்து வருவார். நான் வீட்டில் சோறும் வெஞ்சனமும் ஆக்கி வைத்துவிட்டுக் கிளம்புவேன். இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறி மனை பார்க்கப் போவோம். வேறு பெண்கள் சினிமாவுக்குப் போகிற மாதிரி நாங்கள் மனை பார்க்கப் போனோம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

எங்கே புதிதாக மனைக்கல் ஊன்றியிருக்கிறார்கள் என்ற செய்தி டீச்சருக்கு அவருடைய கணவர் மூலம் வரும். அவர் டவுன் பஸ் டிரைவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டிரைவர் சீட்டில் இருந்து பார்த்ததையெல்லாம் மாலையில் வந்து சொல்வார். "இன்னைக்கு ரெட்டியார்சத்திரம் ரோட்ல சோளக்காட்டுல கல்லு நட்டுக்கிட்டு இருந்தாய்ங்க. போய்ப் பாரு." டீச்சர் போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து ஐப்பசி என்பார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

"இவ பாத்து முடிக்கிறதுக்குள்ள திண்டுக்கல்லே வித்துத் தீந்துரும், பாத்துக்க."

"தப்பாப் போனா யாரு வந்து நிப்பா? நீங்க பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருவீங்க" என்பார் டீச்சர்.

இந்த 'தப்பாப் போனா?' என்ற கேள்விதான் டீச்சர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் அதுதான் முதலில் வரும். மகளுக்கு வரன் வந்திருக்கிறது என்று ஒரு டீச்சர் சொன்னால், சந்தோசம் என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்பார். அவருடைய அப்பா எப்போதோ இடத்தில் ஏமாந்தவராக இருப்பார், அந்தப் பயம்தான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"எங்கப்பாவா?" என்று சிரித்தார். "எங்கப்பாவ ஏமாத்துறதுக்கு அவருட்ட என்ன இருந்துச்சு?"

அவ்வளவுதான். ஏன் அப்படி இருந்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. சிலர் அப்படிப் பிறக்கிறார்கள் போல.

எங்களுக்கு மனை காட்டிய புரோக்கர் பேகம்பூர்க்காரர். பாய் என்றே நாங்கள் கூப்பிடுவோம். பழைய எம்.எய்ட்டி வண்டியில் பஸ் ஸ்டாப்பில் வந்து காத்திருப்பார். பதினைந்து வருடத்தில் டீச்சரால் அவருக்கு ஒரு பைசா கமிஷன் கிடைத்ததில்லை. ஆனாலும் கூப்பிட்டால் வருவார். ஒருமுறை டீச்சர் ஆடு மேய்க்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்.

"டீச்சரம்மா வாங்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இவங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்ன எடத்த நான் கண்ண மூடிக்கிட்டு அடுத்தவங்களுக்கு விப்பேன். ஒண்ணுல கூட எனக்குக் கெட்ட பேரு வந்ததில்ல."

அப்படி டீச்சர் பார்த்துக் கொடுத்த மனைகளில் எத்தனையோ பேர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு டீச்சர் என்று ஒருவர் இருந்ததே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த ஒரு அம்மா இருந்தார். மாதத் தவணையில் மனை தருகிறோம், மனையில் தேக்கு மரமும் நட்டுத் தருகிறோம், மரம் வளர்ந்தால் மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று ஒரு கம்பெனிக்காரன் அவரிடம் பேசியிருந்தான். காதுத் தோட்டை அடகு வைத்து முதல் தவணை கட்டத் தயாராகிவிட்டார். டீச்சருக்குத் தெரிந்ததும் அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் கூடப் போனேன்.

"எடம் எங்க இருக்குன்னு பாத்தியா?"

"போட்டா காமிச்சாங்க டீச்சர்."

"போட்டாவுல தண்ணி குடிச்சுப் பாப்பியா? எடத்தக் காட்டச் சொல்லு. காட்டுனா நானே வாரேன். அதுவரைக்கும் தோட்டக் காதுல போட்டுட்டு இரு."

கம்பெனிக்காரன் இடத்தைக் காட்டவில்லை. கொஞ்ச காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த அவர்களுடைய ஆபீசும் பூட்டப்பட்டது. வெளியே ஒரு கூட்டம் நின்று மண்ணை வாரித் தூற்றியதை நானே பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆயாம்மாவிடம் அதைச் சொன்னேன். "நான் எங்க டீச்சர் போடப் போனேன், எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. நடக்காமல் போன நஷ்டத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கிடைக்காமல் போன லாபத்தை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை. அதற்கு எங்கள் டிரில் மாஸ்டர் இருந்தார். பைபாஸ் ஓரமாக ஒரு பெரிய இடம் சல்லிசாக வந்தபோது அவர் டீச்சரிடம் யோசனை கேட்டார். டீச்சர் அவரையும் என்னையும் ஐப்பசியில் அழைத்துப்போனார். இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. மாஸ்டர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு நின்று பார்த்தார், வேண்டாம் என்று வந்துவிட்டார். டீச்சர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது பள்ளம்தான். ஆனால் அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினார்கள், லாரி லாரியாக மண் அடித்துப் பள்ளத்தை மேடாக்கினார்கள், அந்த இடத்தில் கார் ஷோரூம் வந்தது. அதன் விலையை மாஸ்டர் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும் நேரமெல்லாம் புதுப்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சரின் பணி நிறைவு விழாவில் அவர்தான் மைக்கைப் பிடித்தார். பாராட்டிப் பேசிக்கொண்டே வந்து, "டீச்சர் மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குக் கோடீஸ்வரன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த டீச்சரும் சிரித்தார். கையில் இருந்த கைக்குட்டையை மட்டும் நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். விழா முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"அன்னைக்குத் தண்ணி நின்னுச்சா இல்லையா புள்ள? நீயும்தான பாத்த?"

"நின்னுச்சு டீச்சர்."

"பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

அவர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் மனதுக்குள் சரி சொன்னார் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பார்த்தது, மலைக்கோட்டைக்குப் பின்பக்கம், ஊரை விட்டு அதிக தூரம் இல்லாத ஒரு மனை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. பத்திரம் சுத்தம். ஐப்பசியில் போய்ப் பார்த்தோம். பெய்த மழை நாங்கள் நிற்கும்போதே வடிந்து ஓடியது. சித்திரையிலும் ஒருதடவை போய்ப் பார்த்தோம். கிணற்றில் தண்ணீர் கிடந்தது. டீச்சர் மனையின் நடுவில் நின்று, "இங்க அடுப்படி வச்சா மலை தெரியும்ல?" என்று கேட்டார். வாசல் எந்தப் பக்கம், குளியலறை எங்கே என்று அதுவரை எந்த இடத்திலும் அவர் பேசியதில்லை.

அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். மனைக்காரர் வீட்டில் காபி கொடுத்தார்கள். அவருக்குச் சங்கடமாக இருந்தது. முந்தாநாள்தான் மதுரைக்காரர் ஒருவருக்கு முடித்துக் கொடுத்துவிட்டாராம். டீச்சர் கணக்குப் போட்டு வைத்திருந்த விலையைவிட ரொம்பவும் கூட.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன் நான்.

"ரெண்டு வருசமா பாத்துக்கிட்டே இருந்தீகளேம்மா. வாங்குற எண்ணம் இல்லைன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

திரும்பும்போது டீச்சர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். "நல்லதாப் போச்சு. இப்படி அவசரமா விக்கிறவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்" என்றார். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். அந்தப் பக்கம் அதற்குப் பிறகு அவர் மனை பார்க்கப் போகவே இல்லை.

இரண்டாயிரம் பிறந்தபிறகு விலை ஓடத் தொடங்கியது. முன்பு ஒரு மனையின் விலை ஒரு வருடம் அப்படியே இருக்கும். இப்போது ஒரு ஞாயிறு கேட்ட விலை அடுத்த ஞாயிறு இல்லை. டீச்சர் சேர்த்து வைத்த பணம் எப்போதும் ஒரு படி கீழேயே நின்றது. ஊருக்கு இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று பார்க்க வேண்டியிருந்தது. "இது நெசமான வெல இல்ல புள்ள. வீங்கியிருக்கு. வீக்கம் வடியட்டும்" என்பார். வடியவில்லை. நானும் கணக்கு டீச்சர்தான். எங்கே போய் நிற்கும் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் அவர் வீடு மாறிக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார், இன்னொருவர் மகனுக்குக் கல்யாணம் என்றார், இன்னொருவர் வீட்டையே விற்றார். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். அண்ணனின் காக்கிச் சட்டை எப்போதும் கதவின் முனையில்தான் தொங்கும். ரிட்டயர் ஆனபிறகு அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் போனால், "ரெண்டு பேரும் இன்னைக்கு எந்த எடத்த வேண்டாம்னு சொல்லிட்டு வாரீங்க?" என்பார். ஒருநாள் டீச்சர் உள்ளே இருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு வீடெல்லாம் வேண்டாம்மா. சொந்தமா ஒரு செவுரு இருந்தாப் போதும். ஒரு ஆணி அடிச்சு இந்தச் சட்டைய மாட்டணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

டீச்சர் ரிட்டயர் ஆன மறுவருடம் அண்ணன் இறந்துபோனார். மூச்சு முட்டுகிறது என்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் போய்விட்டார். கோயம்புத்தூரில் வேலையில் இருந்த மகன் வந்துகொண்டிருந்தான். நான் டீச்சரோடு ஆம்புலன்சில் வந்தேன். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நிற்பது தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். வீட்டுக்குள்ள வச்சா எங்க சம்பந்தக்காரங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க. வெளியில பந்தல் போட்டுருவோம். செலவு நான் பாத்துக்கிறேன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சரிங்க" என்றார் அவரிடம்.

தெருவில் பந்தல் போட்டார்கள். அண்ணனைப் பெஞ்சில் கிடத்தினார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த மனை விளம்பரம் அவர் தலைமாட்டுக்கு நேராக இருந்தது. யாரோ அதைக் கிழித்தார்கள், பாதிதான் கிழிந்தது. டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வெயில் பந்தலின் ஓட்டை வழியாக அண்ணன் முகத்தில் விழுந்தபோது எழுந்துபோய்த் தன் குடையை விரித்துப் பிடித்தார். உட்காருங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. மாதா கோயிலுக்கு எடுக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மனை வாங்கிவிட்டார்.

எனக்கே அடுத்த வாரம்தான் தெரியும். ரெட்டியார்சத்திரம் போகும் வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாகப் போட்ட ஒரு நகர். சிமெண்டு வளைவு, வரிசையாகக் கலர்க் கொடிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போய்ப் பிரியாணி போட்டு மனையைக் காட்டினார்கள். காலேஜ் வரப்போகிறது, அதற்கு எதிரே பெரிய கம்பெனி வரப்போகிறது என்றார்கள். டீச்சர் அந்த வேனில் தனியாகப் போயிருக்கிறார். ரிட்டயர்மெண்டில் வந்தது முழுவதையும் போட்டு, வீடு கட்ட வைத்திருந்ததையும் சேர்த்து இரண்டு மனைகளாக எழுதிவிட்டார். அப்போது மாசி மாதம்.

என்னை அழைத்துப்போய்க் காட்டினார். நான்தான் அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"பக்கத்துல வீடே இல்லையே புள்ள. யாருட்டப் போயிக் கேக்க?"

"மழையில பாத்திருக்கலாமே டீச்சர்."

"பதினஞ்சு வருசம் பாத்தேன். என்னத்தக் கண்டேன்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வெல ஏறிக்கிட்டே இருக்குல்ல. ரெண்டுல ஒண்ண வித்தா ஒண்ணுல வீடு கட்டிரலாம்னு மகனும் சொல்றான்" என்றார். அப்படிக் கணக்குப் போடுவது டீச்சர்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் என்னால் அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அந்த வருடம் முழுவதும் அவர்கள் கணக்குத்தான் சரியாக வந்தது. டீச்சர் வாங்கிய சில மாதங்களில் அதே நகரில் பக்கத்து மனை கூடுதல் விலைக்குக் கைமாறியது. டிரில் மாஸ்டர்கூட, "பரவால்லையே டீச்சர், கடைசியில ரெயிலப் புடிச்சுட்டீங்களே" என்றார்.

அதற்கு அடுத்த வருடக் கடைசியில் எங்கோ வெளிநாட்டில் பெரிய பேங்குகள் கவிழ்ந்தன என்று டிவியில் காட்டினார்கள். திண்டுக்கல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேன் நின்றுபோனது. வளைவில் இருந்த கொடிகள் கிழிந்து கம்பிகள் மட்டும் நின்றன. காலேஜ் வரவில்லை, கம்பெனி வரவில்லை. மனை வாங்கியவர்களில் பாதிப்பேர் மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும். விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்கியவர்கள். ஒருவரும் வீடு கட்டவில்லை. அந்த வெட்டவெளியில் டீச்சர் ஒருத்தர் மட்டும் எப்படிக் கட்டிக் குடிபோக முடியும்? கரண்டு இழுக்க எத்தனையோ கம்பம் நட வேண்டும் என்றார்கள். போர் போட்டுப் பார்த்தார். போர் வண்டி பகல் முழுக்கப் புழுதியைக் கக்கிக்கொண்டே இருந்தது. வண்டிக்காரர், "இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாப்பமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். டீச்சர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். கடைசியில் வண்டிக்காரரே, "வேண்டாம்மா, காச மிச்சம் பண்ணுங்க" என்று குழாயை உருவிவிட்டார்.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. பத்திரம் சரியாக இருந்தது, பட்டா இருந்தது. அதனால் போய்ச் சண்டை போடக்கூட ஓர் ஆள் இல்லை.

ஒரு மனையையாவது விற்றுத் தரும்படி பாயிடம் சொன்னார். பாய் ரொம்ப நாள் அலைந்து ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளவயசு. இரண்டு பேரும் வாத்தியார் வேலை. ஊரே வேண்டாம், அமைதியாக ஓர் இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள். போரில் தண்ணீர் வராததைச் சொன்னபிறகும் டீச்சர் வாங்கிய விலைக்கே ஒத்துக்கொண்டார்கள். பங்குனி வெயிலில் நாங்கள் ஐந்து பேரும் மனையில் நின்றோம். தூரத்தில் மலை தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இடம் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு நிறைமாதம் இருக்கும். நடந்த களைப்பில் டீச்சரின் குடை நிழலில் வந்து நின்றுகொண்டாள். பையன் பையிலிருந்து அட்வான்ஸ் கவரை எடுத்தான். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மழ பேஞ்சா தண்ணி எதுவும் நிக்குமா டீச்சர்?" என்று அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள்.

"நிக்காதும்மா" என்றார் பாய் உடனே.

டீச்சர் காலடி மண்ணைப் பார்த்தார். வாங்கிய வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. அடுத்த வருடம் அவர் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பெண் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள், சொல்லிருங்க டீச்சர், நிக்காதுன்னு சொல்லிருங்க என்று வேண்டிக்கொண்டேன்.

"ஐப்பசியில வந்து ஒருதடவ பாத்துட்டு வாங்கிக்கோம்மா" என்றார் டீச்சர்.

பையன் கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தான். கோபமாக இல்லை, மரியாதையாகவே வைத்தான். யோசிச்சுட்டு வாரோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வண்டி ரோட்டில் ஏறி மறையும்வரை பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் இருந்த குல்லாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐப்பசிக்கு இன்னும் எம்புட்டு மாசம் கெடக்கு டீச்சரம்மா..."

"வயித்துப் புள்ளக்காரி பாய். நான் எப்படிச் சொல்றது?" என்றார் டீச்சர்.

"நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தாக்கூட முடிஞ்சிருக்கும்."

"தெரியும்."

அந்த ஜோடி திரும்பி வரவில்லை. வேறு யாரையும் கூட்டிவரச் சொல்லி டீச்சரும் பாயைக் கேட்கவில்லை. அந்த ஐப்பசியில் நல்ல மழை. நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தேன். அவருடைய மனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. கல்லைச் சுற்றி அருகம்புல் பச்சையாக முளைத்திருந்தது. அதை டீச்சரிடம் சொன்னால் சந்தோசப்படுவாரா வருத்தப்படுவாரா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. சொல்லவில்லை.

அடுத்த வருடம் மகன் வந்து அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கேயும் வாடகை வீடுதான், மூன்றாவது மாடி. மனைகளை மகன் இன்னும் விற்கவில்லை. விலை கொஞ்சம் வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது என்று கேள்வி.

டீச்சர் போன சில மாதங்களுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வீடு அமைந்தது. பழைய வீடு, பேகம்பூருக்குப் பக்கத்தில். பாய்தான் காட்டினார். என் கணவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் கேட்பார் என்று தண்ணீரை, பத்திரத்தை, பக்கத்து வீட்டாரை எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். வாங்கலாமா, வேண்டாமா?"

பின்னால் பேரப்பிள்ளை பார்க்கும் டிவியின் சத்தம் கேட்டது. "டீச்சர்?" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "எனக்குத் தெரியல புள்ள. நெசமாவே தெரியல."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

பிறகு, "சாப்டியா?" என்றார்.

காலை பதினோரு மணி இருக்கும். சாப்பிடும் நேரமே இல்லை.

"சாப்டேன் டீச்சர்" என்றேன்.